லாண்ட்மாஸ்ரர் மாமா

எங்கள் ஒழுங்கையில் ஒரு படலை இருக்கிறது. அதற்குள் வெள்ளை வேட்டியோடு போனவர் எவரும் வெள்ளை வேட்டியோடு திரும்பியதில்லை. கலியாணக் காட் கொடுக்கப் போனவர், கோயில் உபயத்துக்குக் காசு கேட்கப் போனவர், வாக்குக் கேட்கப் போன வேட்பாளர், எல்லாருக்கும் ஒரே கதிதான். கோடிப்பக்கக் கொட்டிலுக்குள் இருந்து, "ஆர் அது? நல்ல நேரத்திலை வந்தீர். இதை ஒருக்காப் பிடியும்" என்று குரல் வரும். பிடித்தவர் அரை மணித்தியாலம் பிடித்தபடியே நிற்பார். எதைப் பிடிக்கிறோம், ஏன் பிடிக்கிறோம் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவராது. வேட்பாளர் அன்று பிடித்தது மண்ணெண்ணெய்த் தாங்கி. "பிடிச்சால் விடாத ஆள்தான்" என்று மாமா அவருக்கு நற்சான்று கொடுத்தார். வாக்கும் கொடுத்தாரா என்பது வேறு கதை.

இவர்தான் லாண்ட்மாஸ்ரர் மாமா. வலிகாமத்துச் செம்மண் ஊர்களில் இவருக்குக் கூடப்பிறக்காத தம்பிமார் பலர் உண்டு. எங்களுக்கு வாய்த்தவர் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் கோவைகளில் தூசு தட்டிய கை இப்போது கறள் தட்டுகிறது.

லாண்ட்மாஸ்ரர் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்கள் பவர் டில்லர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சில்லு, ஓர் எஞ்சின், பின்பக்கம் கிடாய்க் கொம்பு மாதிரி இரண்டு நீளக் கைபிடி. பின்னால் நடந்துகொண்டு உழலாம். பெட்டியைக் கொழுவினால் ஏறியிருந்து சந்தைக்கும் போகலாம். தாய்லாந்தில் இந்தச் சாதிக்கு 'இரும்பு எருமை' என்று பெயர். எங்கள் பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. நொட்டிங்காமுக்குப் பக்கத்தில் ஹக்னல் என்ற ஊரில் லாண்ட்மாஸ்ரர் என்றொரு கம்பனி இருந்தது. அதன் மெசின் இலங்கைக்கு வந்து கொஞ்சக் காலம் உழுதுவிட்டு, பெயரை மட்டும் ஊருக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டது. பிறகு வந்த ஜப்பான் குபோட்டாவும் லாண்ட்மாஸ்ரர்தான், சீனத்து மெசினும் லாண்ட்மாஸ்ரர்தான். "குபோட்டா லாண்ட்மாஸ்ரர் ஒண்டு வாங்கியிருக்கிறன்" என்று யாராவது சொல்லட்டும், பழத்தை 'பலம்' என்று வாசித்த பிள்ளையைப் பார்க்கிற தமிழ் வாத்தியாரின் முகம் மாமாவுக்கு வந்துவிடும். அவரிடம் இருப்பது அசல் அல்லவா!

அசலை வாங்கியவர் மாமாவின் தகப்பனார். எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் மறித்து வைத்திருந்த காலம். யாழ்ப்பாணத்தில் அப்போது வெங்காயம் கல்வீடு கட்டியது, மிளகாய் சீதனம் கொடுத்தது. ஒரு போகத்து வெங்காயக் காசில், ஏற்கெனவே இரண்டு பேர் உழுது களைத்த மெசினை அவர் வாங்கிவந்து மாமரத்தின் கீழ் நிறுத்தினார். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து வெங்காயம் விழுந்தது. மெசின் மட்டும் மாமரத்தின் கீழேயே நின்றது.

பழைய கார் வைத்திருக்கிறவருக்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் என்று எங்கள் ஊர்களில் ஓடிய கார்களின் வயதைக் கேட்டால் அந்தக் கம்பனிகளே கூச்சப்படும். அவற்றுக்குப் பூமாலை கட்டி மாப்பிள்ளையை ஏற்றுவார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். லாண்ட்மாஸ்ரரில் மாப்பிள்ளை ஊர்வலம் போனதாகச் சரித்திரம் இல்லை. மாமி இதைச் சொல்லிக்காட்டாத நாளும் இல்லை. "விசர் பிடிக்கிறதெண்டாலும் ஒரு காரிலை பிடிச்சிருக்கக் கூடாதே? கோயிலுக்கெண்டாலும் போய்வந்திருக்கலாம்."

மாமாவின் விசருக்கு மூலம் 1990. அந்த ஆண்டு யுத்தம் திரும்பத் தொடங்கியதும் வடக்குக்குப் பெற்றோல், பற்றறி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகத் தடை வந்தது. மின்சாரம் போனது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து விளக்கு எரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம். இரவு பிபிசி தமிழோசை முடியுமட்டும் சுற்றுகிற முறை பிள்ளைகளுக்கு. மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எஞ்சின் சூடேறினால்தான் பற்றும். ஆகவே சின்னப் போத்தலில் தங்கம் மாதிரி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காட்டி எஞ்சினை ஏமாற்றி ஸ்ராட் பண்ணி, சூடு வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். ஊரெல்லாம் ஏதோ எங்கள் கண்டுபிடிப்பு என்று நெஞ்சை நிமிர்த்தியது. மாமா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வெள்ளைக்காரன்ரை பழைய ரக்ரருகளைப் பாரும். பெற்றோலுக்கு ஒரு தாங்கி, எண்ணெய்க்கு ஒரு தாங்கி. அவன் வசதிக்குச் செய்தான், நாங்கள் வழியில்லாமல் செய்தம்."

வழியில்லாமல் செய்ததில்தான் மாமா மாமாவானார். பகலில் கோவை, பின்னேரம் மெசின். சப்பாத்துப் பெட்டி மட்டையில் காஸ்கற் வெட்டினார். ரயர் ரியூப்பில் வாஷர் வெட்டினார். ஒழுகுகிற தாங்கிக்குச் சவர்க்காரத்தைக் குழைத்து அப்பினார். எண்ணெய் பட்டாலும் சவர்க்காரம் கரையாது, ஓட்டையைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு அருமையாகக் கிடைத்த சன்லைற் கட்டியில் பாதி தாங்கிக்குப் போனதால் அந்த மாதம் முழுக்க மாமா பழுப்புச் சேட்டோடு கந்தோருக்குப் போனார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தம் நெருங்கிவர வலிகாமம் முழுதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அந்த மெசின்தான் மாமாவின் தாயாரையும் இரண்டு பக்கத்து வீட்டுக் கிழவிமாரையும் பெட்டியில் வைத்துச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனது. சனநெரிசலில் நடந்தவர்கள் முந்தினார்கள், மெசின் பிந்தியது. ஆனால் நிற்கவில்லை. மாமா இதைப்பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார். அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பியபோது மெசினும் கட்டி இழுபட்டு வந்தது.

பிறகு தெற்குக்குப் போகிற பாதை திறந்தது, மூடியது, 2009க்குப் பிறகு திரும்பத் திறந்தது. கடைகளில் எல்லாம் வந்து குவிந்தன. வாஷர் வேண்டுமா, பெட்டி பெட்டியாக இருக்கிறது. காஸ்கற்றா, எந்த அளவு? இங்கேதான் மாமாவுக்கு வில்லங்கம். மட்டையை வெட்டிப் பழகிய கைக்கு, கவுண்டரில் காசு கொடுத்து வாங்குவது தோல்வியாகத் தெரிந்தது. ஓய்வுபெற்ற மறுநாள் அவர் மாமரத்தடிக்குப் போனார். எந்தக் கடையிலும் சாமான் கிடைக்காத ஒரே ஒரு பொருள் அங்கே நின்றது. அரசாங்கம் நீக்கிய தடையை மாமா தன் கோடிக்குள் மட்டும் தொடர்ந்து அமுலில் வைத்திருக்கிறார் என்பது என் கணிப்பு.

கொட்டிலுக்குள் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். தகரக்கூரை, ஒரு மரவாங்கு, சுவர் நீளத்துக்கு லக்ஸ்பிறே ரின்கள். ஒவ்வொரு ரின்னிலும் கிளாக்கர் எழுத்தில் துண்டு ஒட்டியிருக்கும்: 'பழுது', 'அரைப் பழுது', 'பழுது என்று சொல்ல முடியாதது'. கடைசி ரின்னில், 'எதற்கென்று தெரியாது, எறியக் கூடாது.' அதுதான் ஆகப் பெரிய ரின்.

போல்ற் கழற்றுகிற சாவிக்கொத்து தனிக் கதை. அந்தக் காலத்து இங்கிலாந்து மெசினில் இருப்பவை விற்வேத் போல்ற். ஜோசப் விற்வேத் 1841இல் வகுத்த கணக்கு. மரையின் கோணம் 55 பாகை. இன்று கடையில் கிடைப்பது மில்லிமீற்றர்க் கணக்கு, 60 பாகை. இரண்டும் பார்வைக்குச் சகோதரம், பூட்டினால் விவாகரத்து. சாவியிலும் சிக்கல். விற்வேத் சாவியில் பொறித்திருக்கும் அளவு அதன் வாயின் அகலம் அல்ல, போல்ற்றின் தடிப்பு. இதை மாமா விளக்கத் தொடங்கினால், கேட்கிறவர் வீட்டில் ஏதோ அவசரம் வந்துவிடும். ஒருமுறை என் காலில் கொழுக்கி ஏறி இரத்தம் வந்தபோதும், "அது விற்வேத் காலத்துக் கொழுக்கி, பயப்பிடாதையும்" என்றார். ஊசி போட்டது என்னவோ இந்தக் காலத்து டொக்டர்தான்.

லண்டனில் இருக்கிற மகன் ஒரு கோடையில் மாமாவையும் மாமியையும் கூப்பிட்டான். மாமி தேம்ஸ் நதியும் அரண்மனையும் பார்த்தார். மாமா கேட்டது பழைய மெசின் திருவிழா. அங்கே அப்படியொன்று உண்டு. கிழட்டு ரக்ரருகளையும் தோட்ட மெசின்களையும் மினுக்கி வயலில் வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் கதிரை போட்டு இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். சாம்பல் நிற பேர்குசன் ஒன்றைக் காட்டி, "அப்பா, இந்தச் சாதி ரக்ரரிலைதான் ஹிலாரி 1958இலை தென்துருவத்துக்குப் போனவர்" என்றான் மகன். மாமா குனிந்து எண்ணெய்த் தாங்கியின் அடியைத் தடவிப் பார்த்தார். ஊருக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "எல்லாம் நல்ல மினுக்கம் தம்பி. ஆனால் ஒண்டிலையும் சவர்க்காரம் இல்லை."

அதற்குப் பிறகு மகன் ஒரு பிழை விட்டான். மாமாவின் மெசினுக்கே உரிய அசல் காபரேற்றர் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து, சொக்கிளேற்றோடு சேர்த்து அனுப்பிவைத்தான். மாமா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொருத்தியும் பார்த்தார். அச்சொட்டாகப் பொருந்தியது. முகம் வாடிவிட்டது. திரும்பக் கழற்றி, விறாந்தை அலுமாரியில் மகனின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மெசினில் பழையபடி அவர் கம்பியால் கட்டிய காபரேற்றரே ஏறியது.

போன வருடம் விஜயதசமியன்று மெசினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு தேசிக்காய். ஒழுங்கை முழுதும் கூடிவிட்டது. மாமா கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஒரு தும்மல். திரும்ப இழுத்தார். இரண்டு தும்மல். ஏழாவது இழுவையில் நீலப்புகை கிளம்பி, மாமரத்து அணில்கள் ஓடி, டப் டப் டப் என்று எஞ்சின் பிடித்தது. மாமி கூடக் கைதட்டினார். பிறகு, "இஞ்சேருங்கோ, உடுப்பு காயுது, அங்காலை திருப்புங்கோ" என்றார்.

அந்த நல்ல நேரத்தில்தான் பக்கத்துத் தோட்டக்காரர் வாயைத் திறந்தார். "அண்ணை, மழைக்கு முன்னம் என்ரை தறையிலை ரெண்டு சால் அடிச்சுத் தாங்கோவன்."

மாமா எஞ்சினை நிற்பாட்டினார். கலியாண வீட்டில் மணப்பெண்ணைக் கூப்பிட்டுப் பாத்திரம் கழுவச் சொன்னவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அந்தத் தறையில் ஒரு பொடியன் புத்தம்புது மெசினோடு வந்து உழுதுகொண்டிருந்தான். கூலி மாமாவின் ஓய்வூதியத்தில் இருந்து போனது. மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, சாலோடு சாலாக அவன் பின்னால் நடந்தார். மூன்றாவது சுற்றில் அவன் தோளைத் தட்டி நிற்பாட்டினார்.

"தம்பி, உன்ரை எஞ்சினிலை ஒரு சத்தம் கேக்குது. கொட்டிலடிக்குக் கொண்டுவாவன், ஒருக்காக் கழட்டிப் பாப்பம்."