கொட்டேஷன் சித்தப்பு

ஓடைப்பட்டி, சீப்பாலக்கோட்டை, வெள்ளையம்மாள்புரம் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரு கொட்டேஷன் சித்தப்பு அகப்படுவார். மூன்று ஏக்கர் விதையில்லாத் திராட்சை, ஒரு கிணறு, இரண்டு போர். அதில் ஒன்றில் காற்று மட்டும் வரும். கையில் எப்போதும் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே வேட்டி துண்டைத் தேடாதீர்கள். மஹிந்திரா ஜீவோ, குபோட்டா நியோஸ்டார், விஎஸ்டி சக்தி, சோனாலிகா, ஸ்வராஜ் என்று ஒரு கம்பெனி விடாமல் வண்ண நோட்டீசும் கொட்டேஷனும் அடுக்கி வைத்திருப்பார். எல்லாம் மினி டிராக்டர். சிலதில் ஜிஎஸ்டி இன்னும் 12 சதவீதம் என்றே போட்டிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம் ஆனபோது ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவர் இவர்தான். வரி குறைந்துவிட்டதே என்றல்ல. எல்லா ஷோரூமுக்கும் மறுபடி போய்ப் புதுக் கொட்டேஷன் வாங்க ஒரு நியாயம் கிடைத்ததே என்று.

இவரைக் கஞ்சன் என்று சொல்பவர்களுக்கு விஷயம் தெரியாது. டிராக்டர் வாங்கப்போகிறவருக்கு உள்ள மரியாதை வாங்கினவருக்குக் கிடையாது. வாங்கப்போகிறவர் வந்தால் நாற்காலி, ஃபேன், ஏலக்காய் டீ, போகும்போது காலண்டர். வாங்கினவர் வந்தால், “மெக்கானிக் சின்னமனூர் போயிருக்காருண்ணே, வந்ததும் போன் பண்ணச் சொல்றேன்.” சித்தப்பு இந்த வித்தியாசத்தை நன்கு படித்தவர். அதனால் முதல் நிலையிலேயே பல ஆண்டுகளை நிம்மதியாகக் கழித்துவிட்டார்.

ஷோரூமில் அவர் நடந்துகொள்ளும் முறையே தனி. விற்பனைத் தம்பி ஆரம்பிப்பான்:

“அண்ணே, 24 ஹெச்பி. நாலு சக்கரமும் இழுக்கும். லிஃப்ட் 750 கிலோ தூக்கும்.”

“அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி. பந்தலுக்குள்ள போகுமா?”

“தாராளமா போகும்ணே. அகலமே மூணரை நாலு அடிதான்.”

“அகலத்தை யாருப்பா கேட்டா?”

சொல்லிவிட்டுச் சீட்டில் ஏறி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். சட்டைப் பையிலிருந்து இஞ்சி டேப் வரும். தரையிலிருந்து தன் உச்சந்தலை வரைக்கும் தம்பியை விட்டு அளக்கச் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் செய்கிற காரியங்களிலேயே உருப்படியானது இதுதான். விதையில்லா ரகத்துக்குப் பொதுவாக நாலு மீட்டருக்கு மூணு மீட்டர் இடைவெளி விட்டுத்தான் கொடி நடுகிறார்கள். அகலத்தில் யானை போகலாம். தொல்லை மேலேதான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பந்தல். அதிலிருந்து ஒன்றரைச் சாண் கீழே தொங்குகிறது கொத்து. நிமிர்ந்து உட்கார்ந்த டிரைவரின் தலை நேராக அந்தக் கொத்துக்குள் போகும். சைலன்சர் செங்குத்தாக நின்றால் அதன் சூடு இலையைக் கருக்கும். கீழ்நோக்கி மடக்கிய சைலன்சர் உள்ள வண்டியாகப் பார்க்க வேண்டும். இதெல்லாம் நோட்டீசில் வராது. சித்தப்புவுக்கு வரும்.

(பேச்சு திராட்சைக்குத் திரும்பிவிட்டால் அவருக்கு இன்னொரு ஆற்றாமையும் உண்டு. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். “கொட்டையோட இருக்கிறதுக்குப் பட்டம், கொட்டையில்லாம கொடுக்கிறவனுக்கு ஒண்ணுமில்ல!” என்று டீக்கடையில் குறைந்தது ஒரு வடை நேரம் பொருமுவார்.)

இவ்வளவு விவரமான மனுசன் சறுக்குவது வண்டியின் முன்பக்கத்தில். டிராக்டருக்குச் சோறு போடுவது பின்பக்கம். இது நாட்டுக்கே தெரியும். கொத்துக் கலப்பை, ரொட்டவேட்டர், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், டிரெய்லர் எல்லாம் பின்னால்தான் மாட்டும். அந்தக் கருவிகளைச் சுழற்றுகிற பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினால் மருந்து அடிக்கலாம், மண்ணைப் பொடியாக்கலாம், சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்க மறந்திருந்தால் அதையும் பொடியாக்கலாம். இதையெல்லாம் சொன்னால் சித்தப்பு கொட்டாவி விடுவார். அவர் மனசு முழுக்க லோடரில். முன்னால் இரண்டு கை, நுனியில் பக்கெட், நெம்பை இழுத்தால் ஏறணும், தள்ளினால் கவிழணும்.

கெடுத்தது செல்போன். அமெரிக்காவில் இந்த அளவு டிராக்டரை லோடர் இல்லாமல் பார்ப்பதே அபூர்வம். அங்கே வீட்டுக்குப் பின்னால் ஐந்து ஏக்கர் புல்லும் இரண்டு குதிரையும் வைத்திருப்பவர் காலையில் குதிரைச் சாணியை அள்ளுகிறார், மத்தியானம் மரக்கட்டையைக் கவ்வித் தூக்குகிறார், சாயங்காலம் வாசல் பனியைத் தள்ளுகிறார். ஒரு கருவியைக் கழற்றி இன்னொன்றை மாட்ட அவருக்கு அதிக நேரம்கூட ஆவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைப் பார்த்த சித்தப்பு, பட்டியல் போட்டார்: பக்கெட், கவ்வி, முள்கரண்டி மாதிரி இரண்டு கம்பி நீட்டுகிற ஃபோர்க், மண் தள்ளும் பிளேடு, குழி தோண்டும் ஆகர். பனி தள்ளும் கருவிக்கு விலை விசாரித்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. எதிரிகள் கிளப்பியதாக இருக்கலாம். நம்மூர்ப் பனி மார்கழியில் தலைக்குத் துண்டு கட்டினால் தீர்ந்தது.

சித்தி ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏங்க, நம்மகிட்ட இருக்கிறது எருக்குழி ஒண்ணு. அதுக்குப் பக்கெட் ஒண்ணு போதாதா?”

கேட்க அவருக்கு உரிமை உண்டு. நிலம் அவருடைய அப்பா கொடுத்தது. மானியம் வாங்குவது நில உடைமையாளர் பெயரில்; வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40, அதுவும் உச்சவரம்பு வரைக்கும். ஒருவழியாக வாங்குவது என்று முடிவானதும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்குச் சித்தியின் ஆதாரும் சித்தியின் பட்டாவும் சித்தியின் பேங்க் பாஸ்புக்கும் போயின. ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்று கடன் பத்திரத்திலும் சித்தியே கையெழுத்துப் போட்டார். சித்தப்பு மாலை போட்ட வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதோடு சரி.

லோடர் வந்த அன்று எருக்குழி ஓரத்தில் திருவிழாக் கூட்டம். ஈர மண் ஒரு கன அடி சுமார் 50 கிலோ இருக்கும். நல்ல ஈரமான எரு மண்ணோடு கலந்து கிடந்தது. கிட்டத்தட்ட அதே கனம். ஐந்தாறு கன அடி பக்கெட்டை நிரப்பினால் 250, 300 கிலோ. இது முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. பின்னால் ஒன்றும் இல்லை. சித்தப்பு நெம்பை இழுத்தார். பக்கெட் ஏறியது. கூடவே பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. பிரேக் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது என்பதும் அது தரையில் இல்லை என்பதும் அவருக்கு ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தன.

“சித்தப்பு, இறக்குங்க! இறக்குங்க!”

இறக்கினார். யோசித்தார். பிறகு நாலு பங்காளிகளைப் பின்னால் ஏறி நிற்கச் சொன்னார். அவர்களும் ஏறினார்கள்! இந்த ஊரில் டிராக்டரில் ஏறச் சொன்னால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மட்கார்டில் தொற்றி நிற்பவன் விழுந்தால் நேராகச் சக்கரத்துக்கு அடியில்தான் விழுவான். ரைஸ்மில் கணக்குப்பிள்ளை ஒருவர் சத்தம் போட்டு நாலு பேரையும் இறக்கிவிட்டு, மூலையில் சும்மா கிடந்த ரொட்டவேட்டரைப் பின்னால் மாட்டச் சொன்னார். அப்புறம் வண்டி அசையவில்லை. பேச்சைக் கேட்டாலே சித்தப்பு கொட்டாவி விட்ட அதே ரொட்டவேட்டர்.

அதற்கப்புறம் லோடரைக் குறை சொல்ல முடியாது, உள்ளதைச் சொல்ல வேண்டும். கூடை தூக்க ஆள் கிடைக்காத காலத்தில், இரண்டு பேர் ஒரு பகல் முழுக்க அள்ளுகிற எருவை அது டீ குடிக்கிற நேரத்தில் டிரெய்லரில் போட்டது. தாசில்தார் அனுமதியோடு கண்மாய் வண்டல் கொண்டுவந்து கொட்டியபோது அதைப் பரப்பியதும் அதுதான். ஃபோர்க்கும் ஒரே ஒரு முறை மானத்தைக் காப்பாற்றியது. கருங்கல் கன அடிக்கு 75 கிலோவுக்கு மேல். ஒரு பந்தல் தூண் இரண்டு கன அடி என்றால் 150 கிலோ. சாய்ந்துபோன தூண்களை மாற்றும்போது, முன்பு ஆறு பேர் ‘ஏலேலோ’ போட்டுத் தூக்கியதை ஃபோர்க்கில் வைத்துத் தரையை ஒட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கவ்வியும் ஆகரும் தொழுவத்தில் கோழி அடைகாக்கப் பயன்படுகின்றன.

சிக்கல் சித்தப்பு லோடரைக் கழற்றமாட்டார் என்பதில். பந்தலுக்குள் உழப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போ என்று கம்பெனிக்காரனே சொல்கிறான். நாலு பின் உருவி, இரண்டு ஹைட்ராலிக் குழாயைப் பிடுங்குகிற வேலை. “கழட்டிட்டா மொட்டையா இருக்கும்டா” என்பார். டீக்கடைக்குப் பால் வாங்கப் போவதும் பக்கெட்டோடுதான். தூக்குவாளி பக்கெட்டுக்குள் உருளும். ஒரு நாள் பந்தலுக்குள் வரிசை திரும்பும்போது பழக்கதோஷத்தில் நெம்பை இழுத்துவிட்டார். பக்கெட் கம்பியைப் பிடித்தது. ஜிப்ராலிக் அமிலத்தில் முக்கி முக்கி வளர்த்த கொத்துகள் ஒரு வரிசை முழுக்க மடியில் வந்து விழுந்தன. அன்றைக்குச் சித்தி ஒன்றும் பேசவில்லை. சாவியை மட்டும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஊர் மட்டும் லோடரைக் கைவிடவில்லை. கோயில் கொடைக்குச் சீரியல் லைட் கட்டணும், பக்கெட்டில் ஆளை ஏற்று. கல்யாணச் சீர் வரிசை, அண்டா குண்டானோடு பக்கெட்டில் வை. முதலாவது கூடவே கூடாது. பக்கெட் ஆள் ஏறுவதற்குச் செய்தது அல்ல. இரண்டாவதற்குப் பொண்ணு வீட்டார் சம்மதித்தால் சரி.

மினி டிராக்டர் வாங்கும் யோசனையில் இருக்கிறீர்களா? டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் பந்தலுக்குள் போங்கள், ஷோரூம் அப்புறம். பின்னால் மாட்டும் கருவிகளை வாங்கிய பிறகும் காசு மிஞ்சினால் ஒரு பக்கெட் வாங்குங்கள்; அதோடு பின்பாரமும் வாங்குங்கள். ஃபோர்க் வருசத்தில் ஒரு நாள் வேண்டியது, அதற்குச் சொந்தக் காசு போடாதீர்கள். ஓடைப்பட்டியில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது. வாடகை பேசுவதானால் சித்தியிடம் பேசுங்கள். ஆர்சி புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது.