பழைய மிஷின்தான் உறுதியா?

கேள்வி: அந்தக் காலத்து கிரைண்டர், டிரில்லிங் மிஷின் போல இப்போதையவை உழைப்பதில்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: பாதி உண்மை. உழைத்த பழைய மிஷின்கள் மட்டுமே இன்று கண்ணில் படுகின்றன. படுத்துக்கொண்டவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றை வைத்து ஒரு காலத்துக்கே மார்க் போடுவது, தொண்ணூறு வயதுத் தாத்தாவைக் காட்டிச் சுருட்டு உடம்புக்கு நல்லது என்பதைப் போன்றது.

பழையவற்றின் பெருமை பழுதுபார்க்கும் வசதியில் இருக்கிறது. திருகைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றலாம், ஆர்மேச்சருக்கு மறுபடி காயில் கட்டலாம். இன்றைய மலிவு மிஷின்களில் புதிது வாங்குவதே சிக்கனம். ஆனால் பழைய உலோக உடலில் மின்கசிவு வந்து, எர்த்தும் இல்லாவிட்டால், பிடித்தவருக்கு ஷாக் நிச்சயம். புதியவற்றில் இரட்டை இன்சுலேஷன் உண்டு; எடையும் குறைவு.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் இந்த வேறுபாடு முக்கியம். அங்கு கல் வெட்ட உதவும் ஆங்கிள் கிரைண்டர் 1954-இல் ஜெர்மனியில் பிறந்தது. கருங்கல்லில் அது வரிவரியாக வெட்டித் தர, சுத்தியல் மிச்சத்தை உடைத்தெடுக்கிறது. கண், இதழ் போன்ற நுணுக்கங்கள் உளிக்கே உரியவை. கருங்கல் தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலை இறுக்கும் சிலிக்கோசிஸைத் தரும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. தூசியை உறிஞ்சும் மூடி பொருத்தத் தக்க புதிய மிஷினே இங்கு மேல். கூடவே முகக்கவசமும் வேண்டும்.

மிஷினுக்கு உதிரிபாகம் கிடைக்கும். நுரையீரலுக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.