நிறைகுடம் சூளைக்கு ஆகாது

வாடா பேராண்டி, படம் வரைஞ்சு கொண்டாந்திருக்கியா? காட்டு. அடடே, கையெழுத்து ரொம்ப அழகா இருக்கே! அதுக்குப் பக்கத்துல என்னமோ ஒரு குளம், ரெண்டு கொக்கு. அது எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு?

மூஞ்சியைத் தூக்காதே, உக்காரு. நாம வேளாரு, அய்யனாருக்கு மண்குதிரை செய்யறவங்க. புரவியெடுப்புன்னா ஊர்க்காரங்க பிடிமண் எடுத்துக் குடுப்பாங்க, அதுதான் அச்சாரம். வாங்கிட்டா, கண்மாய் மண்ணுல மணலும் உமியும் போட்டு மிதிக்கணும். மொதல்ல நாலு காலு. அது இறுகினபெறகு வயிறு, கழுத்து, தலை. ஆள் உசரத்துக்கு மேல நிக்கும். உள்ள? வெறும் பொந்து. வயித்துல ஒரு ஓட்டை வேற விட்டிருப்போம், உள்ளாற இருக்கிற ஈரம் ஆவியாப் போறதுக்கு. திண்டா அடைச்சு வச்ச மண்ணு சூளையில டமார்னு வெடிச்சிரும். நிறைகுடம் தளும்பாதும்பாங்க. குடம் வனையறவன் சொல்றேன், நெறைஞ்சு கெடக்கிறது எதுவும் சூளைக்கு ஆகாது.

அதுக்காக, ‘தாத்தா, எனக்குத் தலைக்கனமே இல்லை’ன்னு கெளம்பிடாதே. அது அதைவிடக் கனம். போன மாசம் ஒரு எழுத்தாளர் வந்தாரு. “நான் ஒண்ணுமே இல்லீங்க, வெறும் தூசு”ன்னாரு. சரிதான்னு நானும் தலையாட்டி வச்சேன். அன்னையிலிருந்து ஆளு இந்தப் பக்கமே வரலை.

வீம்பு வேணும்டா. பக்கத்து ஊரு குதிரையைவிட நம்மது ஒரு சாண் உசரம்ங்கிற வீம்பு இல்லாட்டி, எவன் வெயில்ல நின்னு மண்ணு மிதிப்பான்? தஞ்சாவூர் பெரிய கோயிலையே பாரு. 1010-ல ராசராசன் கட்டி முடிச்சது. யாரு யாரு என்ன குடுத்தாங்கன்னு கல்லு பூரா வெட்டி வச்சிருக்கான். குஞ்சரமல்லன்ங்கிற பெருந்தச்சன் பேரும் இருக்கு. ஆனா போறவன் கண்ணுல மொதல்ல படறது விமானம்தான். பேரு வேணும்னா சுவரோரமா நின்னு எழுத்துக்கூட்டித் தேடணும். நீ என்னடான்னா படத்தைத் தேட விடறே. வீம்பு விறகு மாதிரி. சூளைக்கு அடியில வையி, குதிரைக்குள்ள வைக்காதே.

கண் தொறந்து, தூக்கிட்டுப் போயி அய்யனார் முன்னால நிறுத்தினதோட நம்ம சோலி முடிஞ்சுது. அப்புறம் மழை, வெயில். ஆட்டுக்குட்டி ஏறும், காது ஒடியும். அடுத்த புரவியெடுப்புக்குப் புதுசு வரும், பழசை யாரும் ஒட்டவைக்கிறதில்லை. செஞ்சது யாருன்னு அய்யனாரும் கேட்டதில்லை.

எனக்கு ஆசையே இல்லையான்னா கேக்கிறே? கிட்ட வா, உங்க அப்பத்தா காதுல விழப்போகுது. ஒவ்வொரு குதிரைக்கும் வாலுக்கு அடியில, என் பேரோட மொத எழுத்தை நகத்தால கீறி விட்டுருவேன். எவன் அங்க போயிக் குனிஞ்சு பாக்கப் போறான்?

போன மழையில ஒரு குதிரைக்கு வால் விழுந்துருச்சு. அப்பத்தா பாத்துட்டு, “என்ன இது கீறல், சூளையில விரிசல் விட்டுருச்சா?”ன்னு கேட்டா.

ஆமான்னுட்டேன்.