படிச்சுக் கிடிச்சுத் தொலையாதே!

பொஸ்தகம் படிக்கப் போறேன்னு சொன்னியாமே பேராண்டி? வேண்டாம்டா. நல்லா இருக்கிற புள்ள எதுக்குக் கெட்டுப்போவணும்? இப்ப உனக்கு என்ன கொறைச்சல்? கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடி கட்டைவெரல் முழிச்சுக்குது. சோறு எறங்குதோ இல்லையோ, வீடியோ எறங்குது. நேத்து எத்தனை பாத்தேன்னு கேட்டா தெரியாது. என்ன பாத்தேன்னு கேட்டா அதுவும் தெரியாது. இப்பேர்ப்பட்ட நிம்மதி எந்தச் சித்தருக்குக் கெடைச்சுது?

நூலகத்துக்கு நாம ஒண்ணும் செய்யலேன்னு எவனும் சொல்லிட முடியாது. 1948ல சட்டம் போட்டாங்க. அதுப்படி வீட்டு வரியோட நூலக வரியும் சேந்து வருது, இப்ப ரூவாய்க்கு 10 பைசா. உங்கப்பன் வெச்சிருக்கிற ரசீதை எடுத்துப் பாரு. உண்டியல்ல காசு போட்டாக்கூட ஒரு சிட்டிகை துன்னூறு வாங்காம திரும்பமாட்டோம். இங்க வருசா வருசம் கட்டிப்புட்டு, கட்டடம் எந்தத் தெருவுல இருக்குன்னுகூடக் கேக்கறதில்ல. அம்புட்டுப் பெரிய மனசு நமக்கு.

அந்தக் காலத்து ஆளுங்களுக்குத்தான் வேற வேலை இல்ல. நம்ம மன்னார்குடிக்குப் பக்கத்துல மேலவாசல்ல, 1931ல, கனகசபைப் பிள்ளைன்னு ஒரு எஞ்சினியரு மாட்டு வண்டியில பொஸ்தகத்தை ஏத்தி ஊரூரா அனுப்பினாரு. மாடு நடந்து வந்து வாசல்ல நின்னுது, சனங்க எடுத்துப் படிச்சாங்க. இப்ப நூலகம் தெருக்கோடியிலயே நிக்குது, நடக்க வேண்டியது நாமதான். மாட்டுக்கு இருந்த முழங்கால் நமக்கு ஏது?

சீர்காழி ரங்கநாதன் அதே வருசம் நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி வெளியிட்டாரு. நாலாவது விதி என்ன தெரியுமா? படிக்க வர்றவனோட நேரத்தை மிச்சம் பண்ணிக் குடுக்கணுமாம். பாவம், பொழைக்கத் தெரியாத மனுசன். உன் போனுக்குள்ள ஒக்காந்திருக்கறவன் கெட்டிக்காரன். ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்ததை ஓட விட்டுடறான். உன் நேரத்தை மிச்சம் பண்ணினா அவனுக்குச் சோறு?

இன்னொரு ஆபத்தையும் சொல்லிடறேன். பொஸ்தகத்தைத் தொறந்தா, எழுதினவன் பேசறதைக் கடைசி வரைக்கும் கேக்கணும். குறுக்க பூந்து அவனைத் திட்ட முடியாது. நம்ம பரம்பரையில அந்தப் பழக்கம் உண்டாடா? எதிராளி வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி தீர்ப்புச் சொல்றவங்க நாம. படிச்சுப் பழகினேன்னு வையி, வாட்ஸப்புல வர்றதை அப்படியே தள்ளிவிட மனசு வராது. ‘இது நெசந்தானா?’ன்னு கேப்பே. மாமன் மச்சான் குரூப்புல உன்னை வெச்சிருப்பானா?

குடும்பத்துக்குள்ளயும் கொழப்பம் வரும். எங்க வீட்டுல வந்துது. கல்கி பத்திரிகையில 1950லேருந்து வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வ’னைக் கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க எங்க அத்தை வீட்டுல. நானும் படிச்சேன், உங்க பாட்டியும் படிச்சா. எனக்கு அதுல வர்ற வந்தியத்தேவன் கண்ணாடியில பாத்த மாதிரியே இருந்தான், மீசையை மட்டும் கொஞ்சம் முறுக்கி விட்டிருந்தான். 2022ல படம் வந்துது. ஊருக்கே ஒரே நாள்ல வந்தியத்தேவன்னா கார்த்தி மூஞ்சின்னு ஆயிட்டுது, நானும் சரின்னுட்டேன். உங்க பாட்டி மட்டும் ‘இவன் இல்ல’ன்னுட்டா. ‘பின்ன யாருடி?’ன்னு கேட்டேன். வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டு உள்ள போயிட்டா. அவ மனசுக்குள்ள இத்தனை வருசமா ஒருத்தன் குதிரையில போறான். அவன் யாருன்னு கட்டின புருசனுக்கே தெரியாது! அந்த மூஞ்சியை ஒரு கம்பெனிக்காரனும் படம் புடிக்க முடியாது, அடுத்தவனுக்குத் தள்ளிவிடவும் முடியாது. இப்படி ஒரு சொத்தை வெச்சுக்கிட்டு அவ தனியா சிரிச்சுக்கிட்டிருக்கா. எனக்கு வயித்தெரிச்சல்.

‘போன்லயே படிக்கலாமே தாத்தா’ங்கறே. தாராளமாப் படிக்கலாம். மதுரைத் திட்டம்னு 1998லேருந்து ஒரு காசு வாங்காம தமிழ்ப் பொஸ்தகங்களை ஏத்தி வெச்சிருக்காங்க, கல்கியும் இருக்காரு. எழுத்து எதுல இருந்தா என்ன, எழுத்துதானே. ஆனா ‘பொன்னியின் செல்வ’ன்ல கடம்பூர் மாளிகையில இளவரசன் கரிகாலன் செத்துக் கெடக்கற நேரமாப் பாத்து, ‘கடன் வேணுமா சார்?’னு மேலேருந்து ஒருத்தன் எட்டிப் பாப்பான். நீயும் என்னா வட்டின்னு கேக்கப் போயிடுவே. இளவரசனைக் கொன்னது யாருன்னு யாரு வெசாரிக்கறது? அதுக்குத்தான் காகிதம்ங்கறேன். அதுல ஒருத்தனும் எட்டிப் பாக்க எடமில்ல.

இம்புட்டுச் சொல்லியும் கேக்காம நூலகத்துக்குப் போயே தீருவேன்னு நின்னியானா, கிழவன் ஒரு யோசனை சொல்றேன், கேட்டுக்க. வெள்ளிக்கிழமையாப் பாத்துப் போ. அன்னிக்கு அதுக்கு லீவு. பூட்டின கதவு முன்னாடி நின்னு ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டுடு. நூலகத்துக்குப் போனவன்ங்கற பேரும் வரும், படிச்சுக் கெட்டுப்போற ஆபத்தும் இல்ல.