மகாராஜா கல்லூரிக்கு வந்த ஆபத்து

1904-ஆம் ஆண்டு வாக்கில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரிக்குப் பேராபத்து ஒன்று வந்தது. பிளேக் இல்லை, பஞ்சம் இல்லை. திருக்கோகர்ணத்துப் பெண் ஒருவர் கல்லூரியில் சேர மனுப் போட்டிருந்தார்.

பெரியவர்களுக்கு வேர்த்துவிட்டது. பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அதுவரை பையன்கள் என்னவோ காவிகட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்ததுபோல! உண்மையில் உறுத்தல் இரண்டு. மனுப் போட்டது பெண் என்பது ஒன்று. அந்தப் பெண்ணின் அம்மா யார் என்பது இன்னொன்று. முதலாவதைச் சத்தமாகச் சொன்னார்கள், இரண்டாவதை வெற்றிலை போடும்போது சொன்னார்கள்.

அந்தப் பெண் 1886 ஜூலை 30-இல் பிறந்த முத்துலட்சுமி. அப்பா எஸ். நாராயணசாமி ஐயர், அதே மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தக் கல்யாணத்துக்காக ஐயரை அவர் குடும்பம் ஒதுக்கிவைத்தது. கல்லூரியையே நடத்தலாம், ஆனால் சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் இலை கிடையாது. இந்த நியாயம் யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

ஐயரையும் பெரிய புரட்சிக்காரராக நினைத்துவிட வேண்டாம். பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் மகளுக்குப் போதும் என்றுதான் முதலில் கணக்குப் போட்டிருந்தார். வாத்தியார் கேட்கவில்லை, கமுக்கமாக ஆங்கிலத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். பிள்ளை பிடித்துக்கொண்டது. அம்மா கல்யாணத்துக்கு நகையும் பாத்திரமும் சேர்த்துக்கொண்டிருக்க, மகள் வீட்டிலிருந்தபடியே மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார். பையன்களிலேயே பலர் கோட்டைவிடும் பரீட்சை அது. அதன்பிறகு ஐயர் மகள் கட்சிக்கு மாறினார். அப்பாக்கள் வழக்கமாக மார்க் வந்த பிறகுதான் கட்சி மாறுவார்கள்.

மனு, ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானிடம் போனது. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது. ஊர் என்ன சொல்லும் என்ற கவலை இந்த ராஜாவுக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் 1915-இல் ஆஸ்திரேலியா போய் மோலி ஃபிங்க் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து, வெள்ளைக்காரச் சர்க்காரையே தூக்கமிழக்க வைத்த மனிதர். கடைசியில் ராஜ்ஜியத்தை விட்டுவிட்டு மனைவியோடு வெளிநாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நல்லவேளை, கல்லூரி மனு அவர் ஊரில் இருந்தபோதே வந்து சேர்ந்தது.

உத்தரவு வந்தாலும் ஊர் விடுமா? பெண் மூடுவண்டியில் வர வேண்டும். வகுப்பில் அவருக்கும் பையன்களுக்கும் நடுவே திரை. பாடம் முடிந்ததும் அவர் முதலில் வெளியேறி வண்டி ஏறியாக வேண்டும், பிறகுதான் பையன்களுக்கு விடுதலை. கெட்டுப்போகக்கூடியவர்கள் பையன்கள், ஆனால் மூடி வைக்கப்பட்டது பெண். வேலியை எப்போதும் பயிரின் தலையிலேயே கட்டுகிற ஊர்வழக்கம்! இதே குடும்பத்தில் பின்னாளில் ஒரு பையன் பிறந்தான், முத்துலட்சுமிக்கு மருமகன் முறை. வளர்ந்து ஜெமினி கணேசன் ஆகி, 'காதல் மன்னன்' பட்டத்தோடு மாநிலம் முழுக்கப் பெண்களின் படிப்பைக் கெடுத்தார். அவருக்கு மூடுவண்டி ஏற்பாடு செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

முத்துலட்சுமிக்கு 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் பதக்கங்களோடு பட்டம். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். விழா மேடைகளில் இவரை 'இந்தியாவின் முதல் பெண் டாக்டர்' என்று முழங்குகிறார்கள். மைக் கிடைத்தால் சரித்திரம் கொஞ்சம் வீங்கும். ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் பட்டம் வாங்கிய 1886-இல் இவர் தொட்டிலில் கிடந்தார். இல்லாத பட்டத்தைச் சூட்ட அவசியமே இல்லை, இருப்பதே ஒரு வண்டி தேறும்.

கல்யாண விஷயத்திலும் வம்பு. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்குமுன் நிபந்தனை போட்டார்: சமமாக நடத்த வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக் கூடாது. சீர்செனத்தி பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் பெண் இப்படிப் பேசினால் மாப்பிள்ளை ஓடியிருக்க வேண்டும். ரெட்டி ஓடவில்லை. நிபந்தனையைக் காப்பாற்றினார் என்பதற்கு மனைவியின் மீதி வாழ்க்கையே சாட்சி.

1927-இல் முத்துலட்சுமி சென்னைச் சட்டசபைக்குப் போய் அதன் துணைத் தலைவராகவும் ஆனார். சிறு பெண்களுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். எதிர்த்து நின்றவர்களில் பெரிய தலை எஸ். சத்தியமூர்த்தி. ஆள் யாரென்று பார்த்தால் திருமயத்துக்காரர், படித்தது அதே மகாராஜா கல்லூரி! தீரர் என்று பெயர் வாங்கியவர், வெள்ளைக்காரனை எதிர்த்து நேருக்கு நேர் பேசியவர், சிறைக்கும் போனவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சாஸ்திரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார். பெண்ணை உட்கார வைத்தால் பையன்கள் கெடுவார்கள் என்ற ஊர், பையன்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்து அனுப்பியது என்று கொஞ்சம் விசாரித்திருக்கலாம். சட்டம் நிறைவேற 1947 ஆகிவிட்டது.

சட்டசபைப் பதவியை முத்துலட்சுமியோ 1930-லேயே காந்தி கைதைக் கண்டித்துத் தூக்கி எறிந்துவிட்டார். அதன்பின் ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம். தங்கை புற்றுநோயில் தவித்து இறந்ததைப் பார்த்தவர், அந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல வருஷம் எல்லார் உயிரையும் வாங்கினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. மற்றவர்கள் பேரன் கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் வயது.

இன்று அவர் பிறந்த நாள் தமிழ்நாட்டில் மருத்துவமனை நாள். கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான். திருக்கோகர்ணமோ திருமயமோ, ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நர்ஸம்மாவிடம் கேட்பது ஒன்றுதான்: "யக்கா, முத்துலட்சுமி பணம் ஏறிருச்சா?"

நர்ஸம்மா பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "ஆதார் இணைக்கலியேம்மா!"