ஜாதகம் சொன்ன தேசப்படம்

பெயரையே மறைத்துவைத்த கணினி ஆட்டத்தை, 'இது யூரோப்பா யுனிவர்சாலிஸ் என்னும் சரித்திர வியூக ஆட்டத்தொடரின் ஐந்தாம் பாகந்தான்' என்று ரசிகர்கள் முன்கூட்டியே சொன்னார்களே, ஜோசியமா?

ஜாதகம் கணிக்கப் பிறந்த வருஷம் கிடைத்தால் போதாதா? 'பிராஜெக்ட் சீசர்' என்னும் புனைபெயரைச் சூட்டி, 2024 பிப்ரவரி முதல் புதன்கிழமைதோறும் படைப்பாளிகள் வெளியிட்ட குறிப்புகளையும், பின்னர் வந்த தேசப்படங்களையும் ஊர் ஊராக, எல்லை எல்லையாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த ரசிகர்களுக்கு, ஆட்டம் 1337இல் ஆரம்பமாகிறது என்றறிந்த மாத்திரத்தில், இங்கிலாந்தும் பிரான்ஸும் நூறாண்டுப் போரில் இறங்கிய வருஷமல்லவா அது என்று அனுமானம் வலுத்துவிட்டது. பிழைபட்ட எல்லைகளைத் திருத்தி எழுதியனுப்பியவர்களும் அவர்களே. அத்திருத்தங்களைப் படைப்பாளிகள் மதித்து ஏற்றதுதான் எனக்கு மிகவும் உவப்பான விஷயம். பெயர் வெளியானது 2025 மே மாதத்தில். ஆட்டம் வந்தது நவம்பர் 4ஆம் தேதி.