டாப் ஸ்டேஷன் வரை ஒரு டிக்கெட்

தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், இடுக்கியோடு எல்லையைப் பங்குபோட்டுக்கொள்ளும் மலையில் மூன்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன. அடிவாரத்துக் கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று ஒரு பெயர் உண்டு. நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். உச்சியில் டாப் ஸ்டேஷன். மூன்றுக்கும் ரயில் கிடையாது. ரயில் கிடையாது என்பதால் தாமதமும் கிடையாது. பயணிகள் தரப்பில் இதுவரை புகார் எழுந்ததாகத் தெரியவில்லை.

அடிவாரத்துக் குரங்கணியில் புறப்பட்டு சென்ட்ரலைத் தாண்டி டாப் ஸ்டேஷனை ஒரே பகலில் நடந்தே பிடித்துவிடலாம் என்பது என் மைத்துனனின் யோசனை. சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்தபடியே சம்பாதிப்பவன். கையில் ஒரு கடிகாரம் கட்டியிருப்பான். இதயம் துடிப்பதை எண்ணும், தூக்கத்தை எண்ணும், மணி கேட்டால் மட்டும் யோசிக்கும்.

"பன்னெண்டு கிலோமீட்டர்தான் மச்சான். பேசிக்கிட்டே போனா தெரியாது" என்றான்.

அவன் சொன்ன தூரம் ஏறக்குறைய சரிதான். அந்தத் தூரம் படுத்திருக்கவில்லை, எழுந்து நிற்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம்.

என் மனைவிக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. "மொட்டை மாடியில காயுற வத்தல எடுத்துட்டு வாங்கன்னா முட்டி வலிக்குது. மலைக்குன்னா வலிக்காதோ?" நியாயமான கேள்வி. அழைப்பது தன் தம்பி என்று தெரிந்ததும் கேள்வி வாபஸ் பெறப்பட்டது.

விடியற்காலையில் போடிநாயக்கனூரில் இட்லி தின்று, குரங்கணி போய் வண்டியை ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினோம். வனத்துறை அலுவலகத்தில் பெயர், வயது, ஊர், வீட்டில் ஒருவருடைய கைப்பேசி எண் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, பணம் வாங்கி ரசீது கொடுத்து, கூடவே வழிகாட்டியாக ஒரு தம்பியையும் அனுப்பினார்கள். "மலை ஏறுறதுக்கு இவ்வளவு பாரமா?" என்று மைத்துனன் முணுமுணுத்தான். வழிகாட்டித் தம்பி பதில் சொல்லாமல் கொழுக்குமலைப் பக்கத்துச் சரிவைக் கையால் காட்டினான். 2018 மார்ச் 11 அன்று அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைத்தான் காட்டுத்தீ வளைத்தது. காய்ந்த புல், மலைக்காற்று, ஓட இடமில்லாத சரிவு. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீக்காயங்களோடு கிடந்தவர்களைத் தேடி முதலில் மேலே ஓடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். மைத்துனன் அதன்பிறகு ரசீதை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

முதல் ஒரு மணி நேரம் மலை எங்களிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. மாந்தோப்பு, இலவ மரங்கள், கீழே எங்கோ கொட்டகுடி ஆற்றின் சத்தம். அரசியல் பேசினோம். குடும்பத்தில் யாருக்கு யார் எவ்வளவு தரவேண்டும் என்பதுகூடப் பேசினோம். முதுவாக்குடிப் பக்கம் போகும்போது வாக்கியங்கள் சுருங்கின. அதற்கு மேல் இருவருக்கும் இடையே "ம்" மட்டுமே மிஞ்சியது. சற்று நேரத்தில் அதற்கும் மூச்சு போதவில்லை.

இங்கே மாமன் மச்சான் உறவின் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நண்பர்கள் மலையேறினால், களைத்தவன் "டேய் உட்காருடா" என்று உட்கார்ந்துவிடுவான். மனைவியின் தம்பியோடு ஏறுபவன் அப்படிச் செய்ய முடியாது. அவன் உட்கார்ந்த செய்தி அன்றிரவே மாமியார் வீட்டை எட்டும். அடுத்த தீபாவளிக்குள் அது மயங்கி விழுந்த கதையாக வளர்ந்திருக்கும். அக்காள் புருஷனோடு ஏறுபவனுக்கும் இதே கதிதான். ஆகவே எங்களில் யாருக்கும் ஓய்வு தேவைப்படவில்லை. ஆனால் என் செருப்பு வார் அடிக்கடி தளர்ந்தது. அவனுக்கு அடிக்கடி பறவைகள் தெரிந்தன. ஒருமுறை நின்று, ஏதோ ஒரு செடியின் இலையை அவ்வளவு நேரம் ஆராய்ந்தான். சித்த மருத்துவத்துக்கு ஒரு நல்ல ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். நான் என் மனைவிக்குப் போன் செய்தேன். சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாத போனில் ஐந்து நிமிடம் "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதை எந்த மாமியாரும் குறை சொல்ல முடியாது.

வழிகாட்டித் தம்பி இதையெல்லாம் ஒரு பாறையில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "சென்ட்ரலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?" என்றேன்.

"சுமையோட வந்தா ஒரு மணி நேரம் சார். சும்மா வந்தா ஒன்றரை ஆகும்."

தப்பாகச் சொல்கிறானோ என்று திருப்பிக் கேட்டேன். "தலையில மூட்டை இருந்தா எங்கயும் நிக்கத் தோணாதுல்ல சார். சும்மா வர்றவங்கதான் நின்னு நின்னு வருவாங்க" என்றான். செருப்பு வாரைக் கட்டிவிட்டு எழுந்தேன்.

ஒரு வளைவில் எதிரே ஓர் ஆத்தா இறங்கி வந்தார். எழுபதுக்குக் குறையாது. ரப்பர் செருப்பு, இடுப்பில் சுருக்குப் பை, கையில் ஒரு மஞ்சள் பை. டாப் ஸ்டேஷனிலிருந்து போடி பேங்குக்குப் போகிறாராம். டாப் ஸ்டேஷன் மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர்தான். போக வரச் சாலை உண்டு. வந்து குவிகிறவர்களும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஆனால் ஊர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது, கொட்டகுடி ஊராட்சி, போடி தாலுகா. ஒரு சான்றிதழுக்கு போடி போவதென்றால் சாலை வழியே கேரளத்துக்குள் புகுந்து மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு என்று சுற்றி, 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். அதைவிடக் குரங்கணிக்கு இறங்கி பஸ் பிடிப்பது மேல் என்பது ஆத்தாவின் கணக்கு. இந்தப் பாதையைச் சாலையாக்க வேண்டும் என்ற கோரிக்கை ரொம்ப காலமாக இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகப் பிறக்கிறது.

ஆத்தா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "மேல ஆரு வீட்டுக்குய்யா போறீக?"

"யார் வீட்டுக்கும் இல்ல ஆத்தா. சும்மா பாக்கத்தான்."

"சும்மாவா?"

"காசு கட்டி வாராக ஆத்தா" என்றான் வழிகாட்டி.

ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. மைத்துனனின் முதுகுப் பையை, கடிகாரத்தை, அவன் வாங்கியிருந்த மடக்குத் தடியை வரிசையாகப் பார்த்துவிட்டு, "பாத்துப் போங்க சாமி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் மூச்சு வாங்கவில்லை என்பதை நாங்கள் இருவருமே கவனித்தோம், இருவருமே சொல்லவில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர் ஒரு சராசரித் தமிழனின் மனசுக்குள் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சிவப்புக் கட்டடம், கடிகாரக் கோபுரம், ஒலிபெருக்கி, சூடாக வடை. காலில் பலம் குறையக் குறைய என் கற்பனையில் நடைமேடைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. வந்து சேர்ந்ததோ மரங்களுக்கு நடுவே சில வீடுகள், காப்பிச் செடிகள், ஒரு நாய். ஒரு வீட்டில் வரக்காப்பி கொடுத்தார்கள். வாழ்நாளில் பல ஸ்டேஷன்களில் காப்பி என்ற பெயரில் பலவற்றைக் குடித்திருக்கிறேன். காப்பிச் செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்தது இந்த சென்ட்ரலில்தான். மைத்துனன் காலை நீட்டியபடி கடிகாரத்தைப் பார்த்தான். அது அவனைப் பாராட்டியது. இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள், ஓய்வெடுக்கலாம் என்றது. மலை அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

சென்ட்ரலுக்கு மேலேதான் உண்மையான ஏற்றம். மரநிழலில் குளிர், சட்டைக்குள் வேர்வை; இரண்டுக்கும் நடுவே உடம்பு எந்தக் கட்சியில் சேருவதென்று தெரியாமல் நடுங்கியது. சில இடங்களில் முன்னால் போகும் வழிகாட்டியின் குதிகால் என் மூக்குக்கு நேராக இருந்தது. மானம் மரியாதை எல்லாம் ஏதோ ஒரு வளைவில் கழன்று விழுந்துவிட்டது. "மாப்ளே, உட்காருவோம்" என்று நான் சொன்னதும், "நானே சொல்லலாம்னு இருந்தேன் மச்சான்" என்று அவன் சொன்னதும் ஒரே மூச்சில் நடந்தன. இரு குடும்பங்களின் நலன் கருதி இதை வெளியே சொல்வதில்லை என்று அங்கேயே ஒப்பந்தமும் ஆனது. (ஒப்பந்தம் கட்டுரைகளுக்குப் பொருந்தாது.)

உட்கார்ந்த இடத்தில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தோம். மேகம் எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அதன் கிழிசல் வழியே போடிச் சமவெளி. தென்னந்தோப்புகள் கரும்பச்சைத் திட்டுகளாக, இடையிடையே கண்மாய்த் தண்ணீரின் மினுக்கம். எதிரே கொழுக்குமலையின் விளிம்பு, அங்கேயிருந்து புல்வெளி ஒரே சரிவாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி நிழலில் மறைகிறது. காற்று கீழேயிருந்து மேலே அடித்தது. ஒரு பருந்து இறக்கையை அசைக்காமல் எங்கள் கண்மட்டத்தில் நின்று, எங்களைப் பார்த்துவிட்டு, அலட்சியமாகக் கீழே போனது. பருந்தின் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. படம் எடுக்கக்கூட மைத்துனன் மறந்துவிட்டான். சென்னைக்காரனைப் பொறுத்தவரை அதுவே பெரிய துறவு.

பிற்பகலில் டாப் ஸ்டேஷன். சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினால் எதிரே பிரெட் ஆம்லெட் கடை. கார்கள், வேன்கள், கேரட் கட்டுகள், வேகவைத்த சோளம், குல்லாய் போட்ட குழந்தைகள். மூணாறிலிருந்து காரில் வந்தவர்கள், பார்வைமுனைக்கு இறங்கி ஏறியதிலேயே களைத்து, "இனிமே இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் கூட்டிட்டு வராதீங்க" என்று வீட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களுக்கு நடுவே, சேறு படிந்த காலோடு, வேண்டுமென்றே மெதுவாக நடந்தோம்.

பார்வைமுனையில் வேட்டியும் ஸ்வெட்டருமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். பாலக்காட்டுக்காரர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் ஓடி நின்றுபோன இடங்களைத் தேடிப் பார்ப்பது இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு.

"இது நிஜமா ஸ்டேஷன்தானாக்கும்" என்று ஆரம்பித்தார். "1902ல மூணாறுலேருந்து இங்கே மோனோரயில். ஒரு சக்கரம் தண்டவாளத்துல, ஒரு சக்கரம் ரோட்டுல. இழுக்கறது யாரு தெரியுமோ? காளை மாடு! அப்புறம் 1908ல ரெண்டடி அகலத்துல குண்டளா வேலி ரயில். தேயிலைப் பெட்டி இங்கே வந்து இறங்கும். இங்கேருந்து ரோப்வேல கொட்டகுடிக்கு. அங்கேருந்து வண்டி கட்டி போடிக்கு. 1924 வெள்ளம் வந்தது பாருங்கோ, தண்டவாளம், பாலம் எல்லாம் போச்சு. பின்னே ரயிலே இல்லை."

"போடிக்கு ரயில் எப்ப வந்தது?" என்றான் மைத்துனன்.

பெரியவர் இதற்காகவே காத்திருந்தவர். "1928ல! மேலே ரயில் ஓடினப்போ கீழே இல்லை. கீழே வந்தப்போ மேலே இல்லை. நாலு வருஷத்துல கனெக்ஷன் மிஸ்!" தன் சர்வீஸில் நடந்த தவறு அது என்பதுபோல் உண்மையாகவே வருத்தப்பட்டார். 2010 கடைசியில் அகலப்பாதைக்காகப் போடி ரயில் நின்று, 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது என்று நான் சொன்னபோது, "அது தாமதம். மிஸ் வேற, தாமதம் வேற" என்று திருத்தினார்.

பிறகு எங்கள் கால்களைக் கவனித்தார். "நீங்க ரெண்டு பேரும் நடந்தா வந்தேள்?"

மைத்துனன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீழே பள்ளத்தாக்கில் ஒரு திசையைக் காட்டினான். "அதோ அந்தப் பக்கம்தான் சார் குரங்கணி. எங்க வண்டி அங்கதான் நிக்குது."

"அங்கேயா?" பெரியவர் அந்தத் திசையை எட்டிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அப்போ இனி மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு, போடி, அப்புறம் குரங்கணியோ?"

இருவரும் தலையாட்டினோம்.

"பாஸ் ஏதாவது உண்டா கையிலே?"

மைத்துனன் வனத்துறை ரசீதை எடுத்து நீட்டினான். பெரியவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பழைய வழக்கப்படி முன்பக்கம் பார்த்து, திருப்பிப் பின்பக்கம் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"ஒன்வேயாக்கும்" என்றார். "வாங்கோ. மூணாறு வரைக்கும் நம்ம கார்ல இடமிருக்கு. அதுக்கப்புறம் உங்க பொறுப்பு."